பெரிய வெள்ளியை வீட்டில் அனுசரிப்பது எப்படி?

மதுரைப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் அதைத் துட்டி என்போம். துட்டி வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. தலையில் பூ இருந்தால் எடுத்துவிட்டு உள்ளே நுழைகிறோம், பேச்சைக் குறைத்துக்கொண்டு ஓரமாக உட்காருகிறோம், கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறோம். இயேசு சிலுவையில் உயிர்விட்டதை நினைவுகூரும் பெரிய வெள்ளியை வீட்டில் எப்படி அனுசரிப்பது என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அன்று நம் வீடு துட்டி வீடு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு முறையும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும்.

கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் திருமணமாகி வந்தவர்கள், அண்மையில் திருமுழுக்குப் பெற்றவர்கள், வேலைக்காகவோ படிப்புக்காகவோ மதுரையில் தனி அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், படுக்கையில் இருக்கும் பெரியவர்களை விட்டுக் கோவிலுக்குப் போக முடியாதவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். என் மனைவி சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு வழக்கங்களும் ஒரே மேசையில் இருக்கின்றன, இங்கேயும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த நாளைப் பெரிய வெள்ளி, புனித வெள்ளி, துக்க வெள்ளி என்று பலவாறு சொல்வார்கள். குட் ஃப்ரைடே என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள 'குட்' புனிதம் என்ற பொருளில் வந்தது; அது வாழ்த்துச் சொல்லும் நாளைக் குறிப்பதில்லை. ஆண்டுதோறும் பூப்படம் போட்ட வாழ்த்துகள் அன்பினால் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அனுப்பியவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் நீங்கள் யாருக்கும் அனுப்பாதீர்கள். வாழ்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது.

தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ திருச்சபைக் கணக்கின்படி வருகிற முழுநிலவை அடுத்த ஞாயிறு, இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டர். அதற்கு முந்திய வெள்ளி இந்த நாள். 2026-இல் ஏப்ரல் 3, 2027-இல் மார்ச் 26, 2028-இல் தமிழ்ப் புத்தாண்டாகிய ஏப்ரல் 14. நிலவை ஒட்டி வருவதால் சில ஆண்டுகளில் நம் ஊர்ச் சித்திரைத் திருவிழாவோடும் இது சேர்ந்துகொள்ளும். 2019 ஏப்ரல் 19 அன்று அழகர் வைகையில் இறங்கினார். அன்றே பெரிய வெள்ளியும் வந்தது. ஊரே கொண்டாட்டத்தில் இருக்கும்போது நம் வீடு மட்டும் துக்கத்தில் இருப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றலாம். ஊர்த் திருவிழாவின் நடுவே ஒரு வீட்டில் துட்டி விழுந்தால் என்ன செய்வோம்? தெருவில் போகிற மேளத்தை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை, நம் கதவை மெல்லச் சாத்திக்கொள்கிறோம். அன்றும் அப்படியே செய்யுங்கள்.

வியாழக்கிழமை இரவே தொடங்குங்கள்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பாதம் கழுவும் சடங்கு முடிந்து, நற்கருணையை, அதாவது இயேசுவின் உடலாக வணங்கும் அப்பத்தை, வேறொரு பீடத்துக்குக் கொண்டுபோன பிறகு, கத்தோலிக்கக் கோவில்களில் பீடத்துத் துணிகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறுமையாக விடுவார்கள். அன்றைய திருப்பலியில் பாடும் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டுக்குப் பின் மணிகளும் ஓய்ந்துவிடும். சனிக்கிழமை இரவில் ஈஸ்டரை வரவேற்று நடக்கும் திருவிழிப்பு வழிபாடுவரை மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டி ஒலி எழுப்புவதே வழக்கம். வீட்டு ஜெப மேசையையும் அதே இரவில் வெறுமையாக்கிவிடுங்கள். மாதா படத்தைச் சுற்றியுள்ள சீரியல் விளக்குகளை அணைத்து, பிளாஸ்டிக் பூக்களை எடுத்து, மேசையைத் துடைத்துவிடுங்கள். சுருபங்களை, அதாவது சிலைகளை, ஊதாத் துணியால் மூடுவது சில வீடுகளில் உண்டு. தையல்கடையில் ஒரு மீட்டர் துணி வாங்கினால் போதும். மேசைமேல் பாடுபட்ட சுருபம் (இயேசுவின் உருவம் உள்ள சிலுவை), ஒரு மெழுகுவர்த்தி, வேதாகமம் மட்டும் இருக்கட்டும். முந்திய ஞாயிறாகிய குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவையைச் சுருபத்தின் பின்னால் செருகிவைக்கலாம். சுருபம் வைக்கும் வழக்கமில்லாத வீடுகளில் ஒரு வெறும் மரச் சிலுவையே நிறைவானது.

வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய அரிசி, பயறு, மெழுகுவர்த்தி, மருந்து ஆகியவற்றையும் அன்றிரவே வாங்கி வைத்துவிடுங்கள். மறுநாள் கடைக்கு அலைவது தவறு என்பதற்காகச் சொல்லவில்லை; ஒருமுறை வெளியே போய்வந்தாலே அந்த அமைதி கலைந்துவிடும்.

காலை

எண்ணெய்க் குளியல் வேண்டாம், சாதாரணக் குளியல் போதும். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்துவது பரவலான வழக்கம். கத்தோலிக்கர்களில் வெள்ளை உடுத்துபவர்களும் உண்டு, கறுப்பு உடுத்துபவர்களும் உண்டு. கோவிலில் குருவானவர் சிவப்பு உடையில் வந்தால் குழம்ப வேண்டாம். சிந்தப்பட்ட இரத்தத்தின் நிறமாக இன்றைய வழிபாட்டு ஒழுங்கு அதையே குறித்திருக்கிறது. நிறம் எதுவானாலும் பழைய, எளிய உடையாக இருக்கட்டும், நகைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும், கோலம் வேண்டாம்.

பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்கள் மதுரை மல்லிகை கொட்டிக் கிடக்கும் காலம், அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவுக்கு வருகிற பூக்காரம்மா காலை ஆறரைக்கே தலையில் கூடையோடு வந்து, ஒவ்வொரு வாசலிலும் "அம்மா, பூவு" என்று குரல் கொடுப்பார். பெரிய வெள்ளியன்று எங்கள் வாசலுக்கு முன்னால் மட்டும் குரல் வராது. கூடையின் மேலிருக்கும் ஈரத் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, என் மனைவியைப் பார்த்து ஒரு தலையசைப்போடு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவரிடம் நாங்கள் எதுவும் சொன்னதில்லை. துட்டி வீட்டைக் கடப்பது எப்படி என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

இந்துக் குடும்பத்திலிருந்து மருமகளாக வந்த பெண்ணுக்கு இந்தக் காலைப்பொழுது கடினமாகவே இருக்கும். பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்பது வீடு கழுவி, தலைக்குக் குளித்து, பூ வைத்து, விளக்கேற்றுகிற மங்கல நாள். இங்கேயோ அதே கிழமையில் பூ இல்லை, கோலம் இல்லை. கை தானாகப் பழைய பழக்கத்துக்குப் போவது இயல்பு. மாமியார்மார்களுக்கு என் வேண்டுகோள்: அன்று காலையில் அவசரமாகத் தடுத்துச் சொல்லாமல், ஒரு வாரம் முன்பே அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய சொற்கள் இவை இரண்டும். பெரியவர்கள் வாயில் இன்றும் கேட்கலாம். ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் முழு உணவு, தேவையானால் வேறு இருவேளை கொஞ்சமாக ஏதேனும். சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கல். திருச்சபைச் சட்டப்படி 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனத்தையும், 18 வயது நிறைந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும்வரை ஒருசந்தியையும் அனுசரிக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கட்டாயமாகிற நாட்கள் ஆண்டில் இரண்டே: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி. மீனும் முட்டையும் சட்டத்தால் விலக்கப்பட்டவை அல்ல, ஆனாலும் நான் அறிந்த வீடுகளில் அன்று அவற்றையும் சமைப்பதில்லை. தென்னிந்தியத் திருச்சபை போன்ற சீர்திருத்தச் சபைகளில் இப்படி வயதுக் கணக்கு கிடையாது. நோன்பை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறார்கள், பலர் மாலை மூன்று மணிவரை ஒன்றும் உண்ணாமல் இருப்பார்கள்.

நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடுமையான உடலுழைப்பு செய்பவர்கள் நோன்பிருக்கத் தேவையில்லை. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளை உணவைக்கூட விடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது வயதில் வைராக்கியமாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப் பாதைக்குப் போய், வெயிலில் பத்தாம் நிலையருகே மயங்கி விழுந்தேன். வழிபாட்டை விட்டுவிட்டு நான்கைந்து பேர் என்னைத் தூக்கிக்கொண்டு நிழலைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. ஆண்டவருடைய பாடுகளில் இருக்க வேண்டிய அவர்களுடைய கவனத்தை என் பக்கம் திருப்பிவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. மதுரை வெயிலில் தண்ணீர் குடித்தே நோன்பிருங்கள்.

அந்த ஒருவேளை உணவு பெரும்பாலான வீடுகளில் கஞ்சிதான். பல பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகங்களில்) கோவில் வளாகத்திலேயே ஊற்றுவார்கள். எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன்: புழுங்கலரிசி நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் ஏழு டம்ளர், தோலுரித்த பூண்டு ஆறேழு பல், சீரகம் அரைத் தேக்கரண்டி, வெந்தயம் ஒரு சிட்டிகை. குக்கர் வேண்டாம், அதன் விசில் அன்று வேண்டாத சத்தம். கனமான பாத்திரத்தில் சிறுதீயில் வைத்து, அடிப்பிடிக்காமல் அவ்வப்போது கிண்டிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் நொய் குழைந்து, பூண்டு கையால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வந்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையலோ பருப்புத் துவையலோ போதும். எதையும் தாளிப்பதில்லை, கடுகு வெடிக்கிற சத்தம்கூட அன்று இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்பது என் பாட்டி வைத்துப்போன முறை. அடுப்பு ஒரே முறைதான் எரியும். முதல் கிண்ணத்தை வீட்டில் யாரும் குடிக்குமுன் அக்கம்பக்கத்தில் தனியாக இருப்பவருக்கோ, தெருவைத் துப்புரவு செய்ய வருபவருக்கோ கொடுத்துவிடுவோம்.

பாட்டி இன்னொன்றும் செய்வார். வேப்பங்கொழுந்தை அரைத்துப் பிழிந்த சாற்றில் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி, சரியாக மூன்று மணிக்கு. சிலுவையருகே இயேசுவுக்குக் கசப்பு கலந்த திராட்சை இரசத்தைக் கொடுத்தார்கள் என்று மத்தேயு 27:34 சொல்வதன் நினைவு இது. இது கட்டளை அல்ல, குடும்ப வழக்கம். பிள்ளைகளுக்கு வற்புறுத்திப் புகட்ட வேண்டாம்.

பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை

நாளின் உயிர் இந்த மூன்று மணி நேரத்தில் இருக்கிறது. நண்பகல் தொடங்கி மூன்று மணிவரை நாடெங்கும் இருள் சூழ்ந்தது என்றும், அதன்பின் இயேசு உயிர்விட்டார் என்றும் நற்செய்திகள் சொல்கின்றன. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் மும்மணி ஆராதனை நடப்பதும், கத்தோலிக்கக் கோவில்களில் திருப்பாடுகளின் வழிபாடு பொதுவாக மூன்று மணியை ஒட்டித் தொடங்குவதும் இதனால்தான். கோவிலுக்குப் போக முடிந்தவர்கள் போய்விடுங்கள். வீட்டு அனுசரிப்பு அதற்கு மாற்றாக வந்ததல்ல. போக முடியாதவர்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஏழு வார்த்தைகளைத் தியானிப்பது. சிலுவையில் தொங்கியபோது இயேசு பேசியவை நான்கு நற்செய்திகளிலுமாக ஏழு. தம்மை அறைந்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்டது லூக்கா 23:34. உடன் தொங்கிய குற்றவாளிக்குப் பேரின்ப வீட்டை வாக்களித்தது லூக்கா 23:43. தாயைச் சீடனிடமும் சீடனைத் தாயிடமும் ஒப்படைத்தது யோவான் 19:26-27. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறியது மாற்கு 15:34. தாகம் என்றது யோவான் 19:28. முடிந்தது என்றது யோவான் 19:30. தம் ஆவியைத் தந்தையின் கையில் கொடுத்தது லூக்கா 23:46. ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து நிமிடம் வைத்தால் மூன்று மணி நேரம் ஏறக்குறைய நிறைந்துவிடும். புதியவர்களுக்கு அது மிகுதி. பத்து நிமிடம் போதும். ஒருவர் வசனத்தை இருமுறை மெதுவாக வாசிக்கட்டும். பிறகு குறைந்தது மூன்று நிமிடம் யாரும் பேச வேண்டாம். அதன்பின் ஒரு சிறு ஜெபம், தெரிந்தால் வாத்தியமும் கைத்தட்டலும் இல்லாத ஒரு பாட்டு. வசனத்தை விளக்கிப் பேச ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மௌனத்தை வெட்டி வெட்டிப் பேச்சால் நிரப்புவதுதான் வீட்டு ஜெபங்களில் நான் அதிகம் பார்க்கிற குறை. அந்த மூன்று நிமிடம் முதலில் நீளமாகத் தெரியும். நான்காம் வார்த்தைக்கு வரும்போது வீடு அதற்குப் பழகிவிடும்.

இரண்டாவது, சிலுவைப் பாதை. தீர்ப்பிடப்பட்டது முதல் அடக்கம் செய்யப்பட்டது வரை பதினான்கு நிலைகள். சிறிய வீட்டில் பதினான்கு இடங்கள் தேட வேண்டியதில்லை. ஒருவர் சிலுவையைப் பிடித்து நிற்க, மற்றவர்கள் நிலைக்கு நிலை முழந்தாளிட்டு எழுந்தால் போதும். பன்னிரண்டாம் நிலையில் எல்லோரும் முழந்தாளில் சற்று நேரம் அசையாமல் இருங்கள். மூன்று முறை விழுந்ததும், வெரோனிக்கா முகம் துடைத்ததும் நற்செய்திகளில் இல்லை, பக்தி மரபிலிருந்து வந்தவை. சீர்திருத்தச் சபையிலிருந்து வந்த உறவினர் அதைக் கேட்டால் இதை நேராகச் சொல்லுங்கள். கலப்புத் திருமணக் குடும்பங்களில் சொற்களும் மாறும். ஒருவருக்குத் திருப்பாடல், மற்றவருக்குச் சங்கீதம். ஒருவருக்கு எசாயா, மற்றவருக்கு ஏசாயா. எங்கள் வீட்டில் அவரவர் வேதாகமத்திலிருந்து அவரவர் வாசிக்கிறோம். எசாயா நூலின் 53-ஆம் அதிகாரத்தின் துயர் எந்த மொழிபெயர்ப்பில் வாசித்தாலும் அதேதான்.

அறையில் தனியாக இருப்பவர் இவை எதுவும் முடியாவிட்டால் யோவான் 18, 19 ஆகிய இரண்டு அதிகாரங்களை வாய்விட்டு வாசியுங்கள். மொத்தம் 82 வசனங்கள், கோவிலில் அன்று வாசிக்கப்படுவதும் அதுவே. பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு: அந்தப் பகுதியில் 'யூதர்கள்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அது அன்றைய தலைவர்களையும் அந்தக் கூட்டத்தையும் குறிப்பது. இயேசுவும் அவர் தாயும் சீடர்களும் யூதர்களே. அவருடைய சாவுக்கு யூத இனத்தார் அனைவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டில் நாம் வாசிக்கிற விதத்தில் ஒரு குழந்தை யாரையும் வெறுக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது.

படுக்கையில் இருப்பவர்கள்

பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது. நற்கருணை அன்றைய வழிபாட்டின்போது மட்டுமே வழங்கப்படும். ஆனால் கோவிலுக்கு வர இயலாத நோயாளிகளுக்கு நாளின் எந்த நேரத்திலும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளமும், நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயிற்பூசுதலும்கூட அன்று உண்டு. குருத்து ஞாயிறு முடிந்ததுமே பங்குத்தந்தையிடமோ, அவருக்கு உதவும் உபதேசியாரிடமோ பெயரைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் கேட்டால் அவர்கள் எங்கே ஓடுவார்கள்? அறையில் ஒரு வெள்ளைத் துணி விரித்த சிறுமேசை, மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர் தயாராக இருக்கட்டும். தொலைக்காட்சியை அன்று அணைத்துவைப்பது நல்லது. எழ முடியாதவர் பார்ப்பதற்காக வழிபாட்டின் நேரலையைப் போட்டுவிடுவதில் குறையொன்றும் இல்லை.

மாலை

கீழவெளி வீதியில் உள்ள மரியன்னை பேராலயம் வியாகுல அன்னையின் ஆலயம் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. வியாகுலம் என்றால் ஆற்ற முடியாத துயரம். வெள்ளி மாலை அந்தத் தாய்க்கு உரியது. துட்டி வீட்டுக்குப் போய் நாம் செய்வது என்ன? இறந்தவரை எழுப்ப நம்மால் ஆகாது. இருப்பவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அதைத்தான் துட்டி கேட்பது என்கிறோம். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் ஜெபமாலையின் துயர மறையுண்மைகள் ஐந்தையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொல்வது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் துட்டி கேட்கப் போவதுபோல என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஜெபமாலை வழக்கமில்லாத வீடுகளில் 31-ஆம் திருப்பாடலை மாறி மாறி வாசிக்கலாம். அந்த ஆண்டில் உண்மையாகவே சாவு நேர்ந்த வீடு தெரிந்தவர்களில் இருந்தால், அன்று மாலை அங்கே போய் வாருங்கள். முப்பதாம் நாளுக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்காத வீடுகள் பல உண்டு.

பூவுக்கும் சமையலுக்கும் செலவாகாமல் மீந்த பணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். கத்தோலிக்கக் கோவில்களில் அன்றைய காணிக்கை இயேசு வாழ்ந்த புனித பூமிக்குப் போகும். அதில் போடலாம், பசித்தவர் ஒருவருக்கும் கொடுக்கலாம்.

சனிக்கிழமை அடக்க நாள். வீட்டைப் பெருக்கலாம், மறுநாள் சமையலுக்கு வேண்டியதை வாங்கலாம், ஆனால் ஜெப மேசை இரவுவரை வெறுமையாகவே இருக்கட்டும். திருவிழிப்பில் மணி அடித்த பிறகு வீட்டுக்கு வந்து ஊதாத் துணியை மடித்து, அடுத்த ஆண்டுக்காகப் பீரோவில் வையுங்கள். குருத்தோலையைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த சாம்பல் புதனுக்கு முன் கோவிலில் கேட்பார்கள், எரித்துச் சாம்பலாக்குவது அதைத்தான். எங்கள் பூக்காரம்மாவிடம் சனி மாலைக்கென்று மூன்று முழம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவோம். ஈரத் துணியில் சுற்றி வாங்கி, மணி அடிக்கும்வரை பிரிக்காமல் வைத்திருப்போம்.